இருபத்தொண்ணு ஆடப் போற மருமவனுக்கு

வா மருமவனே, ஒக்காரு. கோவாவுக்குப் போறியாமே, கடல் பாக்க! தேவனாம்பட்டினத்துல இருக்கறது குட்டை பாரு. சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை, கிள்ளைன்னு கெழக்கால முழுக்க உப்புத்தண்ணியை வெச்சுக்கிட்டு, கடல் பாக்க அந்தக் கோடிக்கு ரயிலேறுறவனை உங்கம்மா வேணா நம்பலாம். மாண்டவி ஆத்துல கப்பலைக் கட்டிப் போட்டு, அதுக்குள்ள சீட்டு மேசை விரிச்சிருக்கான். அதைத்தானே பாக்கப் போற? வெக்கப்படாத. உன் போன்ல 'பிளாக்ஜாக் ஜெயிப்பது எப்படி'ன்னு ஒருத்தன் கத்திக்கிட்டிருந்தப்ப நான் திண்ணையிலதான் படுத்திருந்தேன். கண்ணுதான் மங்கிப் போச்சு, காது இல்லை.

போகாதேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா நிக்கற வம்சமா நம்முளுது? போய்ட்டு வா. ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாங்க பெரியவங்க. மாண்டவியும் ஆறுதானே. அளவை மட்டும் நான் சொல்லித் தரேன்.

இவனுக்கு என்னா தெரியும்னுதானே பாக்கற? நான் கப்பல்ல கரண்டி புடிச்சவன். மேல் தளத்துல மேசை, கீழ் தளத்துல எங்க அடுப்பு. ராத்திரி டூட்டி முடிஞ்சு சோத்துக்கு வர்ற டீலர் பசங்க வாயிலேர்ந்து வந்ததுதான் என் படிப்பு. ஊருக்குப் போய் வீடு கட்டினேன், நெலம் வாங்கினேன்னு அவனுங்க சொல்லிக் கேட்டிருக்கேன். மேசைக்கு இந்தப் பக்கம் ஒக்காந்து ஆடினவன் எவனும் சொல்லிக் கேட்டதில்லை.

முதல்ல ஒண்ணு யோசிச்சுப் பாரு. அந்தச் சமாச்சாரம் ஏன் நம்ம ஊர்ல இல்லை? இங்க சூதாட்டத்தைத் தடுக்க 1930-லேயே சட்டம் வந்துடுச்சு. அப்புறம் 1968-ல அரசாங்கமே பரிசுச் சீட்டு வித்து, கடலூர் பஸ் ஸ்டாண்டுல அந்தச் சீட்டைச் சுரண்டிச் சுரண்டி எத்தினி பேரு வீட்டை வித்தான்னு தெரிஞ்ச பின்னாடி 2003-ல நிறுத்திட்டாங்க. 2022 ஜூன்ல விசாகப்பட்டினத்துலேர்ந்து ஒரு சொகுசுக் கப்பல் புதுச்சேரிக்கு வந்துச்சு. உள்ளாற சூதாட்டம் இருக்குன்னு ஊரே கூச்சல் போட்டு, கரைக்கு வர அனுமதி கெடைக்காமப் போச்சு. போன்ல காசு கட்டி ஆடறதுக்கு 2025 ஆகஸ்ட்டுல நாடாளுமன்றமே சட்டம் போட்டுப் பூட்டிடுச்சு. ரம்மி, போக்கர் எல்லாம் தெறமை ஆட்டம்னு 2023-ல சென்னை ஐகோர்ட்டு சொன்னதைப் புடிச்சுக்கிட்டு நீ என்னோட வாதாடினியே, ஞாபகம் இருக்கா? அந்த வாதத்துக்கும் சேத்துத்தான் பூட்டு. இன்னமும் வெளிநாட்டு வலைத்தளம்னு எதையாவது தொறந்து காசு போட்டேன்னு வெச்சுக்க, ஜெயிச்சாலும் வராது, புகார் குடுக்கவும் வாசல் இல்லை.

கோவாக்காரன் 1996-ல சட்டத்தைத் திருத்தித் தண்ணி மேல மேசை போட வழி பண்ணிக்கிட்டான். ஆனா 2020-லேர்ந்து கோவாக்காரனே உள்ள போகக் கூடாதுன்னு அந்த அரசாங்கமே சொல்லிடுச்சு. சிங்கப்பூர்லயும் அதே சேதிதான். உள்ளூர்க் குடிமகன் உள்ள நுழையறதுக்கே 150 வெள்ளி கட்டணும். நம்ம புவனகிரிப் பையன் பாஸ்போர்ட்டைக் காட்டினாப் போதும், இலவசம். தான் பெத்த புள்ளை வாயில வெக்காதேன்னு தட்டி விட்டுட்டு, ஊரான் புள்ளைக்கு எலை போட்டுப் பரிமாறுற பண்டம் எப்படிப்பட்டதா இருக்கும்? நீ இஞ்சினியரிங் படிச்சவன், நீயே சொல்லு.

சரி, ஆட்டத்துக்கு வரேன். மங்காத்தான்னா உள்ளே, வெளியே. யோசிக்க ஒண்ணும் இல்லை, அதனால முட்டாளுக்கும் கௌரவம். இந்த இருபத்தொண்ணு அப்படி இல்லை, உன்னை யோசிக்க விடும். அதுதான் அதோட தந்திரம். ரெண்டு சீட்டு குடுப்பான், தன் சீட்டுல ஒண்ணை மட்டும் காட்டுவான். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து. ஆஸ் ஒண்ணாவும் நிக்கும், பதினொண்ணாவும் நிக்கும். 21-ஐத் தாண்டாம டீலரைவிடக் கூட வெச்சிருந்தா உனக்கு. டீலருக்கு மூளையே வேணாம். 16 வரைக்கும் எடுத்தே ஆகணும், 17 வந்தா நின்னே ஆகணும். பொம்மை மாதிரி ஆடற அவன்கிட்ட நீ எப்படித் தோக்கறன்னு கேளு.

நீ முதல்ல ஆடணும். அவ்வளவுதான் சூட்சுமம். நீ 21-ஐத் தாண்டின அந்த நிமிசமே உன் காசை வழிச்சு எடுத்துடுவான். அதுக்கப்புறம் அவனும் தாண்டினா? தாண்டட்டுமே, உனக்கென்ன? திருப்பியா தருவான்? டீலரும் நூத்துக்கு 28 தரம் போல அவுட்டாவுறவன்தான். ஆனா அவன் அவுட்டாவுறதுக்கு முன்னாடியே நீ அவுட்டாயி, கைகட்டி வேடிக்கை பாத்துக்கிட்டிருப்ப. இப்ப உனக்கு வேற ஒரு யோசனை வரும். நான் தாண்டவே மாட்டேன், 12-லேயே நின்னுடறேன்னு. பெரிய ரோசனைக்காரன்! டீலர் பத்தைக் காட்டிக்கிட்டிருக்கறப்ப 12-ல நிக்கறவனை, அந்தக் கப்பல்ல பேரு சொல்லிக் கூப்ட்டு வரவேப்பாங்க.

இதுக்கு எது சரி எது தப்புன்னு அமெரிக்க ராணுவத்துல இருந்த நாலு பேரு, பால்ட்வின், கேன்ட்டி, மைசெல், மெக்டெர்மாட், மேசைக் கால்குலேட்டரைத் தட்டித் தட்டிக் கணக்குப் போட்டு 1956-ல வெளியிட்டுட்டாங்க. ராணுவத்துல சம்பளம் வாங்கிக்கிட்டு சீட்டுக்குக் கணக்கு போட்டிருக்கான் பாரு, அவன் மனுசன். நீயா புதுசாக் கண்டுபுடிக்க ஒண்ணுமே மிச்சமில்லை. டீலர் காட்டற சீட்டு ரெண்டுலேர்ந்து ஆறுக்குள்ளன்னா அவன் தவிக்கறான்னு அர்த்தம். ஆறைக் காட்டினா நூத்துக்கு 42 தரம் அவனே தாண்டி விழுவான். அப்ப நீ 13-ல இருந்தாலும் 16-ல இருந்தாலும் கையைக் கட்டிக்கிட்டு நில்லு. 12 மட்டும் கொஞ்சம் வம்பு. அவன் நாலு, அஞ்சு, ஆறு காட்டினா நில்லு, இல்லேன்னா எடு. ஏழுக்கு மேல காட்டினா, 17 வர்ற வரைக்கும் பயந்துக்கிட்டாவது எடுத்துத்தான் ஆகணும். கையில 11 வந்தா, பந்தயத்தை ரெட்டிப்பாக்கி ஒரு சீட்டு வாங்கு. ரெண்டு ஆஸ் வந்தாலும், ரெண்டு எட்டு வந்தாலும் பிரி. ரெண்டு பத்து வந்தா மட்டும் பிரிக்காத. 20-ஐக் கையில வெச்சுக்கிட்டு அதை ரெண்டாக் கிழிக்கறவனைப் பாத்துத்தான் உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு சொல்லி வெச்சாங்க.

ஆனா 16-ஐப் பத்தித் தனியாச் சொல்லணும். உன் கையில 16, டீலர் காட்டறது பத்து. இங்கதான் ஒருத்தன் குணம் தெரியும். இன்னொரு சீட்டு கேட்டா பதிமூணுல எட்டு பங்கு நீ அவுட்டு, ஏன்னா ஆறுலேர்ந்து ராஜா வரைக்கும் எது வந்தாலும் தாண்டிப் போவுது. நின்னா, டீலரே தாண்டினாத்தான் உனக்குச் சோறு. எடுத்தாலும் நின்னாலும் நூறு ரூவாய்க்கு சராசரியா 54 ரூவா காலி. வித்தியாசம் பைசா கணக்குதான், எடுக்கறது ஒரு மயிரிழை மேல. பாதிப் பணத்தை விட்டுட்டு எழுந்திருக்கலாம்னு அந்த மேசையில வழி இருந்தா அதைச் செய், 50-தோட போகும். அந்தக் கையில தோத்துட்டு, 'பக்கத்துல ஒக்காந்திருந்த தடியன் ஒரு சீட்டு எடுக்காம இருந்திருந்தா எனக்கு அஞ்சு வந்திருக்கும்'னு அவன் மேல பாய்வானுங்க. நீயும் பாய்வ. உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? கேரம் போர்டுல காயின் விழலேன்னா பலகையைத் திட்டற ஆளு நீ.

டீலர் ஆஸைக் காட்டினா 'இன்சூரன்ஸ் வேணுமா சார்'னு தேன் சொட்டச் சொட்டக் கேப்பான். உன்னை ஒருத்தன் சார்னு கூப்ட்டுட்டான் இல்லை? உடனே கை பைக்குள்ள போவும். கொஞ்சம் பொறு, கணக்கைக் கேளு. அவனோட இன்னொரு சீட்டு பத்தா இருந்தா ஒண்ணுக்கு ரெண்டு தர்ற தனிப் பந்தயம்தான் அது. ஒரே கட்டுன்னு வெச்சுக்குவோம். அவன் ஆஸ் போனா மிச்சம் 51 சீட்டு. அதுல பத்து மதிப்பு 16, மத்தது 35. நூறு நூறா 51 தரம் இன்சூரன்ஸ் கட்டினா 16 தரம் எரநூறு வரும், மூவாயிரத்து எரநூறு. 35 தரம் நூறு போவும், மூவாயிரத்து ஐநூறு. முந்நூறு ரூவா அவனுக்கு. எல்.ஐ.சி. ஏஜெண்டு வந்தா பின்வாசல் வழியா ஓடற பய, அங்க மட்டும் பாலிசி எடுப்பியாக்கும்.

மேசையில ஒக்கார்றதுக்கு முன்னாடி துணியில அச்சடிச்சிருக்கறதைப் படி. ஆஸும் பத்தும் ஒண்ணா வந்தா மூணுக்கு ரெண்டுன்னு போட்டிருந்தா, ஐநூறு ரூவாய்க்கு 750 தருவான். ஆறுக்கு அஞ்சுன்னு இருந்தா 600-தான். அந்த ஜோடி இருபத்தொரு கைக்கு ஒரு தரம் போல வரும். வர்றப்பெல்லாம் 150 ரூவாயை உன் பையிலேர்ந்து உருவிக்கிட்டு, வாழ்த்துக்கள்னு கையும் குடுப்பான். ஒழுங்கா ஆடறவனுக்கு நஷ்டம் நூத்துக்கு அரை ரூவா. இந்த ஒரு எழுத்து மாறினா அதோட ஒண்ணு நாப்பது சேந்துக்கும்.

இதை மணி கணக்குல சொன்னாத்தான் உன் மண்டையில ஏறும். கைக்கு 500, மணிக்கு 60 கை. 30,000 ரூவா மேசையில புரளுது. புஸ்தகப்படி ஆடினா சராசரி நஷ்டம் 150. உன் இஷ்டத்துக்கு, உள்ளுணர்வு, ராசின்னு ஆடினா 600-க்கு மேல போவும். அட, 150-தானேன்னு சிரிக்கறியா? அது சராசரி. ஒரு மணி நேரத்துல நாலாயிரம், அஞ்சாயிரம் மேலயும் போவும், கீழயும் போவும், அது சாதாரணம். மேல போன அன்னைக்கு உனக்குத் தெறமைன்னு தோணும். கீழ போன அன்னைக்கு நேரம் சரியில்லைன்னு தோணும். ரெண்டும் இல்லை.

அப்புறம் ஒரு மந்திரம் சொல்லித் தருவானுங்க. தோத்தா ரெட்டிப்பாக் கட்டு, அதுவும் தோத்தா அதுக்கும் ரெட்டிப்பு, ஒரு தரம் ஜெயிச்சா எல்லாம் திரும்பி வந்துடும்னு. 500-ல ஆரம்பிச்சு ஏழு கை வரிசையாத் தோத்தா போனது 63,500. எட்டாவது கைக்கு 64,000 வெக்கணும். எதுக்கு? மொத்தத்துல 500 ரூவா லாபம் பாக்க! அதுக்குள்ள மேசையில இதுக்கு மேல கட்டக் கூடாதுன்னு வெச்சிருக்கற வரம்பு வந்து உன் கையைப் புடிச்சுடும். ஏழு கை வரிசையா எங்க தோக்கப் போறோம்னு நெனைக்காத, முந்தின கையை ஞாபகம் வெச்சுக்கிட்டு இரக்கப்படற வழக்கம் சீட்டுக்குக் கெடையாது. வெச்சா குடுமி செரைச்சா மொட்டைன்னு ஆடினவன் எல்லாரும் திரும்பி வர்றப்ப மொட்டையாத்தான் வந்தான். கோவாவுக்குப் போயி மொட்டை போட்டுக்கிட்டு வந்தா, ஊர்ல எந்தக் கோயிலுக்குன்னு சொல்லுவ?

பெரிய புராணம் நம்ம சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபத்துல அரங்கேறினதுன்னு சொல்வாங்க இல்லை? அதுக்குள்ளேயே ஒரு சூதாடி நாயனார் இருக்காரு தெரியுமா? மூர்க்க நாயனார், திருவேற்காட்டுக்காரர். அடியாருக்குச் சோறு போட்டே சொத்தெல்லாம் தீந்து, சூதாடி அந்தக் காசுல சோறு போட்டவரு. அவர் எப்படி ஆடினாருன்னு கவனி. முதல் ஆட்டத்தை எதிராளிக்கு விட்டுக் குடுத்துட்டு, அடுத்தடுத்த ஆட்டத்துல மொத்தத்தையும் வாரிக்குவாரு. பக்திமானே அப்படி ஆடினாருன்னா, கம்பெனிக்காரன் ஆட மாட்டானா? டிக்கெட்டோட இலவசமா சிப்புன்னு குடுப்பான், ஆடத்தான் முடியும், காசா மாத்த முடியாது. அதை வெச்சு நாலு கை ஜெயிச்சதும் உனக்குக் கண்ணு சொக்கும். ஊர்ல எவனும் தன்னோட ஆட வரலேன்னு அந்த நாயனார் கும்பகோணம் வரைக்கும் போனாரு. உன்னோட ஆட மட்டும் ஊரே வருது. ஏன்னு என்னைக்காவது யோசிச்சியா? இன்னொண்ணு, அவர் ஜெயிச்ச காசைக் கையால தொட மாட்டாரு, அடியாரெல்லாம் சாப்பிட்ட பின்னாடி கடைசிப் பந்தியிலதான் ஒக்காருவாரு. அதை வேணா நீயும் பின்பத்து. ஜெயிச்ச சிப்பை இன்னொரு பையில போட்டு, மேசைக்குத் திருப்பிக் கொண்டுவராத. ஏமாத்தறவனைக் கத்தியால குத்தறது மட்டும் நாயனாரோட போவட்டும். கப்பல் வாசல்ல நிக்கற தடியனுங்க பெரிய புராணம் படிச்சிருக்க மாட்டானுங்க.

சீட்டை எண்ணி ஜெயிக்கலாமாமேன்னு கேப்ப. எட்வர்டு தார்ப்னு ஒரு கணக்கு வாத்தியார் 1962-ல அதுக்குப் புஸ்தகமே போட்டாரு. பத்தும் ஆஸும் கட்டுல நெறைய மிச்சம் இருக்கறப்ப பெருசா வை, இல்லாதப்ப சின்னதா வை, அவ்வளவுதான். நெஜமாவே வேலை செஞ்சுது. அதனால என்ன ஆச்சு? ஆறு கட்டு, எட்டு கட்டு சேத்துப் போட்டான். சில மேசையில மெஷினே ஓயாமக் கலைச்சுக்கிட்டு இருக்கு. அதையும் மீறி எண்ணறவனைக் கண்டா, எழுந்து போங்க சார்னு வெளிய அனுப்பிடுவான். இது நம்ம திருப்பாதிரிப்புலியூர்க் கதைதானே. சிவனும் அம்பாளும் சொக்கட்டான் ஆடறாங்க. ஆட்டத்துக்கு ஆட்டம் அம்பாள் ஜெயிக்கறா, சிவன் தோத்துட்டு 'நாந்தான் ஜெயிச்சேன்'னு சாதிக்கறாரு. அவ கோவத்துல அவர் கண்ணைப் பொத்த, உலகமே இருண்டு போச்சு. கடைசியில பூலோகத்துக்குப் போயி தவம் பண்ணுன்னு அனுப்பப்பட்டது யாரு? ஜெயிச்சவ! தோத்தவரு பாடலீஸ்வரரா ஜம்முனு ஒக்காந்திருக்காரு. ஆட்டம் யாரோட எடமோ, தீர்ப்பும் அவருதுதான். சாமி குத்தம் ஆவாது, நான் அவருக்கு வேண்டியவன்தான்.

அந்தக் கதையிலேர்ந்து நம்ம பயலுங்க கத்துக்கிட்டது 'நாந்தான் ஜெயிச்சேன்' மட்டும்தான். கோவாலேர்ந்து வந்தவன் எவனாவது தோத்தேன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா? கேட்டா 'சமமா வந்துச்சு மாமா'ம்பான். சமம்னா பாதி துட்டு போச்சுன்னு அர்த்தம். அதனால ஒரு சின்ன நோட்டு எடுத்துக்க. உள்ள போறப்ப எவ்வளவு, வெளிய வர்றப்ப எவ்வளவு, மணி என்னா, அவ்வளவு எழுதினாப் போதும். எனக்குக் காட்ட வேணாம், உன் பொண்டாட்டிக்கும் காட்ட வேணாம். நீ படிச்சாச் சரி.

துட்டு விசயம். போனா போவுதுன்னு சொல்லக்கூடிய தொகை எவ்வளவோ அதை ரொக்கமா எடுத்துக்க, ஒரு ராத்திரிக்கு ஒரு கவர்னு பிரிச்சுக்க. ஒரு கவரை நாப்பது பங்கு போட்டு, ஒரு பங்குக்கு மேல ஒரு கையில வெக்காத. இருவதாயிரம் கொண்டு போனா கைக்கு 500. அந்த மேசையில கொறைஞ்சது ஆயிரம்னு எழுதியிருந்தா அது உன் மேசை இல்லை, நகர்ந்து போ. பக்கத்துல இருக்கறவன் பத்தாயிரம் வெக்கறான்னு ரோசப்படாத. அவன் அப்பன் வேற, உங்கப்பன் வேற. கவர் தீந்தா ரூமுக்கு வந்து படு. ஏ.டி.எம். கார்டை ரூம்ல வெச்சுட்டுப் போ. இன்னும் நல்லா வேணும்னா விழுப்புரத்துல ரயிலேர்றப்பவே வழியனுப்ப வர்ற உங்கம்மாகிட்டக் குடுத்துடு. கடன் குடுக்கற ஆப்பு எதுவும் போன்ல இருந்தா இப்பவே என் முன்னாடி அழி. ஊம், அழி. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

குடிக்கறதைப் பத்தி நான் பேச மாட்டேன், நீ வளந்த புள்ளை. அங்க டிக்கெட்டுக்குள்ளேயே சாப்பாடும் சரக்கும் சேத்துத்தான் தருவான். கணக்கு புரிஞ்ச ஆளு எதுக்காக ஓசியில ஊத்தறான்னு நீயே பாத்துக்க. வள்ளுவரு 93-ஆம் அதிகாரத்துக்குக் கள்ளுண்ணாமைன்னு பேரு வெச்சாரு, 94-க்கு சூது, 95-க்கு மருந்து. உள்ள என்ன எழுதியிருக்காருன்னு கூடப் படிக்க வேணாம், தலைப்பை வரிசையாப் படிச்சாலே கோவா டிரிப்பு முழுசும் அதுல இருக்குது.

சரி, நேரமாவுது, கெளம்பு. உங்கம்மா கொத்சு வெச்சிருப்பா, ஆறிப் போவும். ஆங், ஒண்ணு. வர்றப்ப கைவீசிக்கிட்டு வரக் கூடாதேன்னு அங்கேர்ந்து முந்திரிப் பருப்பு கிலோ கணக்குல வாங்கிட்டு வருவானுங்க. அப்படி எதையாவது தூக்கிக்கிட்டு வந்து நிக்காத. பண்ருட்டிக்காரன் கண்ணுல பட்டா, நீ மேசையில விட்டதைவிட அதுக்குத்தான் ஊர் முழுக்கச் சிரிப்பான்.